லோவெல் மில் நகரத்தைச் சுற்றிப் பார்க்க: தண்ணீர் போன வழியே போங்கள்

பாஸ்டன் வட்டாரத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நண்பர்கள் தரும் ஊர்சுற்றும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்: ஹார்வர்டு, துறைமுகம், ஒரு நீண்ட வார இறுதியில் நயாகரா. பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 25 மைல் தூரத்தில் இருக்கும் லோவெல் அந்தப் பட்டியலில் வருவது அரிது. செல்ம்ஸ்ஃபோர்டு, வெஸ்ட்ஃபோர்டு, நாஷுவா பக்கம் குடியிருப்பவர்கள் கூட அந்தப் பெயரை நெடுஞ்சாலைப் பலகையில் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், அதிலும் கோவை, மதுரை, ராஜபாளையம் பக்கம் மில் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்களாக இருந்தால், ஹார்வர்டு சிலையின் காலைத் தொட்டுப் படமெடுப்பதைவிட இங்கே ஒரு பகலைக் கழிப்பது அவர்களுக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

பெரும்பாலானோர் வந்ததும் நேராகப் பூட் மில்லின் தறி மியூசியத்துக்குப் போய்விடுகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அப்படிப் போனால் ஒரு பழைய மில்லைப் பார்த்த மாதிரிதான் இருக்கும். லோவெல்லில் பார்க்க வேண்டியது ஒரு மில் இல்லை, மில்லுக்காகவே திட்டம் தீட்டிக் கட்டிய ஒரு நகரம். அது புரிய வேண்டுமானால் தண்ணீர் எங்கே விழுந்தது, எப்படிக் கால்வாயில் திரும்பியது, எதைச் சுழற்றியது என்று அது போன வழியிலேயே போக வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்கானது.

போகும் முன் கொஞ்சம் கதை

ஃபிரான்சிஸ் கேபட் லோவெல் ஒரு பாஸ்டன் வணிகர். 1810 முதல் 1812 வரை குடும்பத்தோடு பிரிட்டனில் இருந்தபோது அங்கத்திய நெசவு ஆலைகளைப் பார்த்து, விசைத்தறி இயங்கும் விதத்தை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார். இயந்திர வரைபடங்களை வெளியே கொண்டுபோக பிரிட்டன் தடை போட்டிருந்த காலம் அது. பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு வால்தம் என்ற ஊரில் பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும் ஆலையை உண்டாக்கினார். 1817இல் இறந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய ஊரை அவர் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்தில் பாஸ்டன் வணிகர்கள் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தது இந்தியப் பருத்தித் துணி. அதோடு போட்டி போட முடியாது என்று லோவெல்லுக்குத் தெரியும். 1816இல் அமெரிக்க காங்கிரஸ் இறக்குமதித் துணிக்கு 25 சதவீத வரி போட்டது. எவ்வளவு மலிவான துணியாக இருந்தாலும் கெஜம் 25 சென்ட் என்றே மதிப்பிட்டு வரி கணக்கிட வேண்டும் என்று ஒரு விதியும் சேர்ந்தது. அதனால் இந்தியாவிலிருந்து வந்த முரட்டுத் துணி சந்தையிலிருந்து வெளியேறியது. அந்த விதிக்காக வாஷிங்டன் வரை போய்ப் பேசியவர்களில் லோவெல்லும் ஒருவர்.

அவர் இறந்த பிறகு அவருடைய கூட்டாளிகள் பெரிய அருவி ஒன்றைத் தேடி மெர்ரிமாக் ஆற்றுக்கு வந்தார்கள். 1823இல் முதல் மில் துணி நெய்தது. 1826இல் டவுன், 1836இல் நகரம். 1850 வாக்கில் ஏறக்குறைய 6 மைல் கால்வாய்கள், 40 மில் கட்டடங்கள், நூல் நூற்கும் கதிர்கள் 3,20,000, கிட்டத்தட்ட 10,000 தறிகள். அவ்வளவையும் ஓட்டியது ஆற்றுத் தண்ணீர்.

எப்போது போவது, எப்படிப் போவது

ஜூலை, ஆகஸ்டு சனிக்கிழமைகள்தான் சரியான காலம். படகுச் சுற்றும் பழங்கால டிராமும் கோடையை ஒட்டித்தான் ஓடுகின்றன. குளிர்காலத்தில் மியூசியம் திறந்திருக்கும் நாளும் நேரமும் குறைந்துவிடும், கால்வாய்க்கரையில் நடப்பதும் சிரமம். ஜூலை கடைசி வாரயிறுதியில் லோவெல் நாட்டுப்புற இசைவிழா நடக்கும். அனுமதி இலவசம், கூட்டமும் பெருங்கூட்டம். இசைக்காகப் போவதென்றால் அந்த நாளில் போங்கள், மில் பார்க்க வேறு நாளில் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

காரில் வருபவர்கள் 495 அல்லது ரூட் 3இலிருந்து லோவெல் கனெக்டர் என்ற குட்டி நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். அது ஊருக்குள் சட்டென்று முடிந்துவிடும், ஆகவே கடைசி ஒரு மைலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். டட்டன் தெருவில் தேசியப் பூங்காவுக்கு வருபவர்களுக்கென்றே இலவச பார்க்கிங் இருக்கிறது. நகர மையத்தின் கட்டண பார்க்கிங்கில் காசைக் கொட்ட வேண்டாம்.

கார் இல்லாத மாணவர்களுக்கு பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து நேரடி ரயில் உண்டு, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். லோவெல் நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு 15, 20 நிமிட நடை. வார இறுதியில் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம். காலையில் இறங்கியதுமே மாலை ரயிலின் நேரத்தைப் பார்த்து போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்கா என்றதும் மரமும் மானும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1978இல் சட்டம் போட்டு, நகரத்தின் நடுப்பகுதியையே தேசிய வரலாற்றுப் பூங்கா ஆக்கினார்கள். பூங்காவுக்கு வேலி கிடையாது. நீங்கள் நடக்கும் தெரு, ஓரத்தில் ஓடும் கால்வாய், மேலே தெரியும் மணிக்கூண்டு எல்லாமே பூங்காதான். அகலத் தொப்பி போட்ட ரேஞ்சர்களும் (பூங்காப் பணியாளர்கள்) இருப்பார்கள்.

முதலில் அருவி

கார் இருந்தால் நகர மையத்துக்குப் போகும் முன் பாட்டக்கெட் அருவியைப் பார்த்துவிடுங்கள். மேமத் சாலை ஆற்றைக் கடக்கும் பாலத்தில் நடந்தால் தெரியும். குற்றாலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். ஒரே செங்குத்தாக விழாமல், பாறைகளுக்கிடையே இறங்கி இறங்கி மொத்தம் 32 அடி இறக்கம். பனி உருகும் ஏப்ரலில் சீறிக்கொண்டு போகும். ஆகஸ்டில் பாறை மட்டுமே தெரியும் நாட்களும் உண்டு, ஏனென்றால் தண்ணீர் இன்றைக்கும் கால்வாய் வழியாக மின்உற்பத்திக்குப் போகிறது.

அந்த 32 அடிதான் இந்த ஊரின் முதலீடு. அருவியைச் சுற்றிப் போக 1796இலேயே பாட்டக்கெட் கால்வாயை வெட்டியிருந்தார்கள், மரத் தெப்பங்களைக் கடலோரத்துக்கு இறக்குவதற்காக. சில ஆண்டுகளிலேயே பாஸ்டனுக்கு நேராகப் போகும் வேறொரு கால்வாய் வந்து இதன் வியாபாரத்தைப் பறித்துக்கொண்டது. சும்மா கிடந்த அந்தக் கால்வாயை வாங்கி, அதிலிருந்து கிளை கிளையாக மின்சாரம் இல்லாத ஒரு மின்கட்டமைப்பைப் போட்டதுதான் மில் முதலாளிகளின் சாமர்த்தியம். தண்ணீரை மில்களுக்கு அளந்து விற்றார்கள்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொடங்கியதற்குக் காரணம் பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணிதான். தண்ணீர் விசையில் ஓடிய ஆலை அது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு லோவெல் சட்டென்று பிடிபடும்.

விசிட்டர் சென்டரும் படகும்

அடுத்து மார்க்கெட் தெருவில் 246ஆம் எண். அதுவும் பழைய மில் கட்டடம்தான். உள்ளே போனதும் முதல் வேலை அன்றைய சுற்றுகளின் நேரத்தைக் கேட்பது. படகில் இடம் குறைவு, கோடை வார இறுதியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு செய்ய முடிந்தால் செய்துகொண்டே கிளம்புங்கள். குழந்தைகள் இருந்தால் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். பதில்களை நிரப்பிக் கொடுத்தால் பேட்ஜ் தருவார்கள். அந்தப் பேட்ஜுக்காகவே பிள்ளைகள் முணுமுணுக்காமல் நடப்பார்கள்.

எத்தனையோ சுற்றுகள் இருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃபிரான்சிஸ் மதகு வழியாகப் போகும் படகைத் தேர்ந்தெடுங்கள். படகு ‘லாக்’ என்ற, முன்னும் பின்னும் கதவு வைத்த நீர்த்தொட்டிக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், தண்ணீர் ஏறும், படகும் கூடவே ஏறும், முன்கதவு திறந்து ஆற்றுக்குள் போவீர்கள். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதை வாய் பிளந்து பார்ப்பார்கள்.

மதகின் கதை ரேஞ்சர் சொல்லிக் கேட்க வேண்டியது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பி. ஃபிரான்சிஸ் கால்வாய்களின் தலைமைப் பொறியாளர். பழைய வெள்ளக் கணக்குகளைப் பார்த்துவிட்டு, என்றைக்காவது ஆறு பெருகிக் கால்வாய் வழியாக ஊருக்குள் புகுந்துவிடும் என்று பயந்தார். 1850இல் கால்வாய்க்கு மேலே ஒரு பிரம்மாண்டமான மரக் கதவைத் தொங்கவிட்டார். ஊரே சிரித்தது, ‘ஃபிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்’ என்று பெயரும் வைத்தது. இரண்டே ஆண்டில், 1852 ஏப்ரலில், வெள்ளம் வந்தது. கதவைத் தாங்கியிருந்த இரும்பை வெட்டிக் கீழே இறக்கினார்கள், ஊர் தப்பியது. 1936 பெருவெள்ளத்திலும் அதே கதவு மறுபடி இறங்கியது.

ஃபிரான்சிஸ் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மெக்கானிக்கலோ சிவிலோ படித்தவர்கள் பரீட்சைக்குப் படம் வரைந்த ஃபிரான்சிஸ் டர்பைன் இவருடையதுதான். இந்தக் கால்வாய்களில் சோதனை செய்து செய்து 1840களின் கடைசியில் உருவாக்கியது. உலகத்து நீர்மின் நிலையங்களில் மிக அதிகமாக இருப்பது இந்த வகை. சஃபோக் மில்லில் பழைய டர்பைன் ஒன்றைப் பார்க்கலாம், ஆனால் அதைக் குறிப்பிட்ட சில சுற்றுகளில் மட்டுமே காட்டுவார்கள். விசிட்டர் சென்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் இதைத் தவறவிடக் கூடாது, மற்றவர்கள் தவறவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

பூட் மில்: தறிச்சத்தம்

விசிட்டர் சென்டரிலிருந்து பூட் மில்லுக்கு நடந்தால் 10, 15 நிமிடம். டிராம் ஓடும் நாளாக இருந்தால் அதில் ஏறிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் திறந்த, பழங்கால மாதிரியில் செய்த வண்டி.

ஜான் தெரு முடியும் இடத்தில் கிழக்குக் கால்வாய் குறுக்கே ஓடும். சின்னப் பாலம் தாண்டினால் மில்லின் முற்றம். சிவப்புச் செங்கல், வரிசை வரிசையாக ஜன்னல்கள், நடுவில் மணிக்கூண்டு. நம் ஊரில் சங்கு செய்த வேலையை இங்கே மணி செய்தது: எழுந்திருக்க ஒன்று, வேலைக்குள் நுழைய ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, படுக்கவும் ஒன்று. மேலே ஏறும் முன் கட்டடத்தின் பின்பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். முன்னால் கால்வாய், பின்னால் ஆறு, நடுவில் மில். கால்வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆறு எவ்வளவு கீழே ஓடுகிறது என்று நின்று பார்த்தால் போதும், முழு ஏற்பாடும் விளங்கிவிடும். அந்த உயர வித்தியாசத்தில் தண்ணீர் விழுந்து அடித்தளத்தில் சக்கரத்தைச் சுழற்ற, தோல் பட்டைகள் அந்த விசையை மாடி மாடியாக மேலே கொண்டுபோயின.

இனி உள்ளே. கீழ்த்தளத்தில் நெசவுக்கூடம். வாசலில் காதில் செருகிக்கொள்ள ஸ்பான்ஞ்சு தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 88 தறிகள். ஒரு சமயத்தில் சிலதைத்தான் ஓட்டுவார்கள், அந்தச் சிலதுக்கே தரை அதிரும். எண்ணெய் வாசமும் பஞ்சுத் தூசு வாசமும் கலந்து வரும். பள்ளிபாளையம், சோமனூர் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. மற்றவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: பக்கத்தில் நிற்பவரிடம் ஏதாவது பேசுங்கள். வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். இப்படி ஒரு நாளில் 12, 13 மணி நேரம்.

ஓடும் தறி ஒன்றின் பக்கத்தில் அவசரப்படாமல் நின்று, ஓரத்தில் உருளை மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். அதைச் சுற்றி ஊடை நூல் (குறுக்கே போகும் நூல்) சுற்றிய தார்கள், அதாவது பாபின்கள், அடுக்கியிருக்கும். நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவுக்குள் நூல் தீரும் தருணத்தில் ஒரு சுத்தியல் போன்ற கை படக்கென்று இறங்கும். பழைய தார் கீழே விழும், புதிய தார் நாடாவுக்குள் போய் உட்காரும். தறி ஒரு கணம்கூட நிற்காது. கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். இந்த ஏற்பாடு வந்த பிறகு ஒரே நெசவாளரிடம் முன்பைவிடப் பல மடங்கு தறிகளை ஒப்படைக்க முடிந்தது. முதலாளிக்கு அதில் லாபம், தறி ஓட்டியவருக்கு ஓட்டம்.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருப்பவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து டிரேப்பர் தறிகள். 1830களில் இந்த ஊரைப் புகழ்பெற வைத்த மில் பெண்கள் ஓட்டியவை இவை அல்ல. இந்தத் தறிகளை ஓட்டிய தலைமுறை அயர்லாந்து, கியூபெக், கிரீஸ், போலந்து போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு திரும்புபவர்கள் நிறையப் பேர்.

மேல்தளக் காட்சியில் எழுத்து அதிகம். முழுக்கப் படித்தால் கால் வலிக்கும். இரண்டு பகுதிகளை மட்டும் விடாதீர்கள். ஒன்று, பருத்தி எங்கிருந்து வந்தது என்பது. தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சுதான் இந்தச் சுதந்திர மாநிலத்தின் செல்வம். லோவெல்லில் நெய்த முரட்டுத் துணியின் ஒரு பகுதி அதே அடிமைகளுக்கு உடுப்பாகத் திரும்பிப் போனது. இன்னொன்று, வேலைநிறுத்தங்கள். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இல் பெண்கள் வெளிநடப்புச் செய்தார்கள். விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1836இல் மறுபடி. அந்த இரண்டாவது தடவை தன் தளத்துப் பெண்கள் தயங்கி நிற்க, நான் போகிறேன் என்று முதலில் கிளம்பிய ஹேரியட் ஹான்சனுக்கு வயது 11. பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டார்.

கீழே கடையில் இந்தத் தறிகளில் நெய்த துணியால் செய்த துவாலை விற்கிறார்கள். ஊருக்கு எடுத்துப்போக காந்த ஸ்டிக்கரைவிட இது எவ்வளவோ மேல்.

விடுதி

மில்லுக்கு எதிரிலேயே மோகன் பண்பாட்டு மையம். இது மில் பெண்கள் தங்கிய விடுதிக் கட்டடம். அனுமதி இலவசம், அதனாலோ என்னவோ பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் தறிக்கூடத்துக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம்.

நியூ இங்கிலாந்து விவசாயக் குடும்பங்களின் பெண்களை வேலைக்கு வரவழைக்க, பெற்றோர் நம்பும்படி ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அதற்குத்தான் விடுதி, விடுதிக்கு ஒரு பொறுப்பாளர் அம்மா, இரவு 10 மணிக்குக் கதவடைப்பு, ஞாயிறு தேவாலயம். சாப்பாட்டு மேசையும் சமையலறையும் மேலே படுக்கையறையும் அப்படியே அமைத்திருக்கிறார்கள். படுக்கையறையில் கட்டில்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு கட்டிலில் இரண்டு பேர். அத்தனை நெருக்கடியிலும் அந்தப் பெண்கள் சொற்பொழிவு கேட்கப் போனார்கள், சொந்தமாக இதழ் எழுதி வெளியிட்டார்கள். 1842இல் லோவெல்லுக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அதைப் பார்த்து வியந்தார். அதே ஊரில் சாரா பேக்லி என்ற நெசவாளர், பத்து மணி நேர வேலை நாள் கேட்டுப் பெண்களைத் திரட்டி, 1845இல் மாநிலச் சட்டமன்றக் குழு முன் போய்ச் சாட்சி சொன்னார்.

திருப்பூர்ப் பக்கம் இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கும் ஆலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த அறைகளில் யோசிக்க நிறைய இருக்கும்.

மீதி நேரம் இருந்தால்

ஜாக் கெரவாக் 1922இல் இங்கே பிறந்தவர். அவர் எழுத்தைப் படித்தவர்களுக்கு நகர மையத்தில் அவர் வரிகள் பொறித்த கருங்கல் தூண்கள் உண்டு. கல்லறை எட்சன் இடுகாட்டில். படிக்காதவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம். வொர்தன் தெருவில் ஓவியர் விஸ்லர் 1834இல் பிறந்த வீடு கலைக்கூடமாக இருக்கிறது. மனிதருக்கு இந்த ஊரில் பிறந்ததே பிடிக்கவில்லை, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தையலில் ஆர்வமுள்ள அம்மாக்களுக்கு ஷாட்டக் தெருவில் ஒட்டுத்துணிப் போர்வை மியூசியம் நல்ல இடம். அமெரிக்கத் துணி வரலாற்று மியூசியம் என்று பழைய கையேடுகளில் ஒன்று வரும். அது 2016இல் மூடப்பட்டுவிட்டது, தேடிப் போகாதீர்கள்.

ஐடி ஆட்களுக்கு ஒன்று. மில்கள் போன பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தியது கம்ப்யூட்டர். வாங் லேபரட்டரீஸின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. 1992இல் அது திவாலானது. 1994இல் அந்தக் கோபுரக் கட்டடங்கள் வெறும் 5,25,000 டாலருக்கு ஏலம் போயின. நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றும் நிற்கின்றன, திரும்பும் வழியில் பார்க்கலாம்.

சாப்பாடு

லோவெல்லில் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கெமர் ரூஜ் என்ற கொடூர ஆட்சியிடமிருந்து தப்பிய கம்போடியர்கள் 1980களில் இங்கே குடியேறினார்கள். இன்று அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்கு அடுத்தபடி அவர்கள் அதிகம் வாழும் ஊர் இது. லோயர் ஹைலேண்ட்ஸ் பகுதியில் அவர்களுடைய உணவகங்களும் மளிகைக் கடைகளும் வரிசையாக இருக்கும். எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள் சேர்த்த குழம்பும் அரிசிச் சோறும் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கவனம். காய்கறி உணவு என்று மெனுவில் போட்டிருந்தாலும் மீன் சாஸ் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். “இறைச்சி இல்லை” என்பதும் “மீன் சாஸ் இல்லை” என்பதும் அங்கே வேறு வேறு கேள்விகள், இரண்டையும் கேளுங்கள். அதுவும் வேண்டாம், அம்மாவுக்கு வெளிச் சாப்பாடே ஒத்துக்கொள்ளாது என்றால் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வாருங்கள். விடுதிக்குப் பக்கத்திலேயே போர்டிங் ஹவுஸ் பார்க் என்ற புல்வெளி இருக்கிறது, எதிரே மணிக்கூண்டு தெரியும், உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். குப்பைத் தொட்டியும் உண்டு.

ரயிலில் திரும்புபவர்கள் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கிருந்து எழுந்துவிடுங்கள். நிலையம் வரை நடக்க வேண்டும், கூட முதியவர்கள் இருந்தால் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.